ஒரே நோட்டு சோலோ

அண்ணே வணக்கம்,

ராக் பாடகர் நீல் யங், நீல் யங்னு ஓயாம எழுதுறீங்களேன்னு நானும் ஒரு வாரம் உக்காந்து கேட்டேன். 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' பாட்டு பிடிச்சுது, இல்லேன்னு சொல்லல. ஆனா குரல் ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு, கிடார் வாசிப்பு கத்துக்குட்டி வாசிக்கிற மாதிரி இருக்கு, எண்பதுகள்ல போட்ட ஆல்பம்லாம் கேக்கவே முடியல. இவர எதுக்கு அறுபது வருஷமா தலைமேல தூக்கி வச்சு ஆடுறாங்க? எங்கேர்ந்து கேக்க ஆரம்பிக்கணும்?

(ஒரு வாசகர், தஞ்சாவூர்)

தம்பிக்கு,

குரல் பத்தி சண்டைக்கு வர மாட்டேன், எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. கிடார்னு சொன்னீங்க பாருங்க, அத விட மாட்டேன். 1969-ல வந்த 'சின்னமன் கேர்ள்' பாட்டுல ஒரு சோலோ வரும், அதாவது கிடார் மட்டும் முன்னாடி வந்து வாசிக்கிற இடம், எண்ணிப் பாருங்க, ஒரே நோட்டுதான், ஒரே ஸ்வரம். அதையே திரும்பத் திரும்ப அடிக்கிறார், ஒவ்வொரு அடியும் கொஞ்சம் வேற மாதிரி விழுது, நாலஞ்சு அடிக்கப்புறம் அடுத்த நோட்டுக்கு எப்பய்யா போவேன்னு நமக்கே தவிப்பாயிடும், அவர் போகவே மாட்டார். 103 டிகிரி காய்ச்சல்ல படுத்துக் கிடந்தப்ப எழுதினதாம் அந்தப் பாட்டு. கத்துக்குட்டியால அப்படி ஒரே இடத்துல நிக்க முடியாது, கை பரபரன்னு ஓடிடும்.

உங்களுக்குப் பிடிச்ச 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' 1972-ல அமெரிக்காவுல நம்பர் ஒன். வேற ஆளா இருந்தா அதே அச்சுல இன்னும் பத்து போட்டு செட்டிலாயிருப்பான். இவர் என்னடான்னா, அந்தப் பாட்டு என்னை நடுரோட்டுல கொண்டு விட்டுடுச்சு, அங்க போரடிச்சுது, ஓரத்துப் பள்ளத்துல வண்டிய இறக்கிட்டேன், அங்கதான் சுவாரஸ்யமான ஆளுங்களப் பாத்தேன்னு பின்னாடி எழுதினார். சும்மா திமிருன்னு நினைக்காதீங்க. அதே வருஷம் கூட வாசிச்ச டேனி விட்டன் போதைல தடுமாற, இவரே 50 டாலரும் டிக்கெட்டும் குடுத்து ஊருக்கு அனுப்பினார், அன்னைக்கு ராத்திரியே விட்டன் செத்துட்டார். அந்தத் துக்கத்துல 1973-ல ரெக்கார்ட் பண்ணினதுதான் 'டுநைட்ஸ் தி நைட்' ஆல்பம், வெளிய வந்தது 1975-ல. பிசிறு, சுதி விலகல் எதையும் துடைக்கல, அப்படியே விட்டிருக்கார்.

இப்ப எண்பதுகள். 1982-ல 'ட்ரான்ஸ்' ஆல்பம், குரல வோகோடர் மெஷின்ல விட்டு ரோபோ மாதிரி பாடினது, அடுத்த வருஷமே இருபத்தஞ்சு நிமிஷம் கூட வராத ஒரு ராக்கபில்லி ஆல்பம், அதாவது ஐம்பதுகள் காலத்துப் பழைய ராக் அண்ட் ரோல் பாணி. இவர் ஆல்பத்தை வெளியிட்ட கெஃபன் கம்பெனி கடுப்பாகி, இது நீல் யங் மாதிரியே இல்லேன்னு நீல் யங் மேலயே 33 லட்சம் டாலருக்கு கேஸ் போட்டுச்சு (இத நினைச்சா எனக்கு இன்னைக்கும் சிரிப்பு வரும்). ஆனா 'ட்ரான்ஸ்' விளையாட்டில்ல. அவரோட சின்னப் பையனுக்கு செரிப்ரல் பால்சி, அதாவது மூளை பாதிப்பால உடம்பு அசைவு கட்டுக்குள்ள வராத நிலை, பேச்சும் வராது. அப்பாவும் மகனும் சேந்து விளையாடினது பொம்மை ரயில், பெரிய பட்டன் ஒண்ண அழுத்தினா ஓடும், அது மட்டும் பையன் கையில. அவனுக்கு எழுதினதுதான் 'ட்ரான்ஸ்ஃபார்மர் மேன்'. வார்த்தை புரியலைன்னு எல்லாரும் திட்டினாங்களே, பையன் சொல்றது அப்பனுக்குப் புரியாத மாதிரியே கேக்குறவனுக்கும் புரியாம இருக்கட்டும்னுதான் அந்த மெஷின். அன்னைக்கு இத அவர் வெளிய பெருசா சொல்லிக்கல, கேஸ வாங்கிக்கிட்டு இருந்துட்டார். பின்னாடி லயனல்ங்கிற பொம்மை ரயில் கம்பெனில பங்கே வாங்கினார்.

எதுக்குத் தூக்கி வச்சு ஆடுறாங்கன்னா இதுக்குத்தான்னு நான் நினைக்கிறேன். 1991-ல சோனிக் யூத்ங்கிற இளவட்ட ராக் பேண்ட டூருக்குக் கூட்டிட்டுப் போனார், 1995-ல பேர்ல் ஜாம்ங்கிற இன்னொரு பேண்டோட சேந்து 'மிரர் பால்' ஆல்பம் போட்டார். அந்தப் பசங்க இவர்கிட்ட எடுத்துக்கிட்டது ட்யூன இல்ல, அசிங்கமா சத்தம் வந்தாலும் பரவால்லேங்கிற தைரியத்த.

எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னா, 'ஆஃப்டர் தி கோல்ட் ரஷ்' ஆல்பம் கேளுங்க, அப்புறம் அந்த ஒரே நோட்டு இருக்கிற 'எவ்ரிபடி நோஸ் திஸ் இஸ் நோவேர்'. 'ட்ரான்ஸ்' இப்ப வேண்டாம். 1993-ல எம்டிவி அன்பிளக்ட்ங்கிற, எலக்ட்ரிக் கருவி இல்லாம பாடுற டிவி நிகழ்ச்சில 'ட்ரான்ஸ்ஃபார்மர் மேன்' பாட்ட மெஷின் இல்லாம, நீங்க சொன்ன அதே ஜலதோஷக் குரல்ல பாடியிருப்பார். அத ரெண்டு தடவை கேட்டுட்டு அப்புறம் ரோபோ வெர்ஷனுக்குப் போங்க. அப்பவும் பிடிக்கலேன்னா திட்டி எழுதுங்க, போடுறேன்.