சின்னம்மை வைரஸ் தன் மேற்பரப்புப் புரதங்களை எப்படித் தயாரிக்கிறது?

வைவா (வாய்மொழித் தேர்வு) நெருங்குகிறது போலிருக்கிறது. இதே கேள்வியில்தான் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் செமினாரில் என்னை உட்கார வைத்தார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தயாரிப்பது வைரஸ் இல்லை, நம் செல். வைரஸ் கொண்டுவருவது சுமார் 1,25,000 கார இணைகள் கொண்ட டிஎன்ஏவும், அதை முடுக்கிவிட ஐஇ62 போன்ற சில புரதங்களும். உட்கருவுக்குள் அந்த டிஎன்ஏவைப் படியெடுப்பது நம்முடைய ஆர்என்ஏ பாலிமரேஸ். அந்தப் படியான தூது ஆர்என்ஏ வெளியே வந்ததும், செல்லுக்குள் சவ்வுகளால் ஆன எண்டோபிளாச வலையில் ஒட்டியிருக்கும் ரைபோசோம்கள் புரதத்தைக் கோக்கின்றன. கோக்கும்போதே அது வலைக்குள் நுழைந்து மடிகிறது, சர்க்கரைத் தொடர்கள் ஒட்டுகின்றன. அப்புறம் கோல்கி, புரதங்களைச் சீர்செய்து பிரித்தனுப்பும் செல் உறுப்பு. அங்கே சர்க்கரையைச் சீர்செய்து சயாலிக் அமிலம் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிபி (gB) என்ற மேற்பரப்புப் புரதத்தை ஃபியூரின் என்னும் நம் நொதியே வெட்டித் தருகிறது.

கைடுகள் 'பிறகு செல் சவ்வை அடைகிறது' என்று முடித்துவிடும். நான் அதற்கு மேலே சொன்னேன். மேற்பரப்புப் புரதங்களிலேயே அதிக அளவில் உருவாகும் ஜிஇ (gE), 623 அமினோ அமிலங்கள் கொண்டது, சவ்வுக்குப் போய்விட்டு மறுபடி செல்லுக்குள் வருகிறது. உள்பக்கம் நீட்டியிருக்கும் அதன் வாலிலேயே அதற்கான குறி இருக்கிறது. திரும்பி வந்து சேருமிடம் கோல்கியின் கடைசிப் பகுதி. வைரஸ் தன் இறுதி உறையைப் போர்த்திக்கொள்வது அங்கேதான்.

"வெளியில போனது எதுக்கும்மா திரும்பி வரணும்? உட்காரும்மா" என்றார் பேராசிரியர். இதைச் சொல்லும் ஆய்வுக்கட்டுரையின் நகல் என் கையிலேயே இருந்தது. நீட்டவில்லை. அவரைக் குறைசொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், நோயெதிர்ப்பியலை அவரைப்போல் நடத்தியவர் இல்லை. ஆனால் அன்று அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தத் தலைப்பை நான் எடுத்ததற்கே காரணம், அதற்கு முந்தைய மாதம் எனக்குச் சின்னம்மை வந்ததுதான். முகத்தில் நாலு கொப்புளம் தெரிந்த காலையிலேயே விடுதியில் "இன்னிக்கே ஊருக்குக் கிளம்பிடு" என்றுவிட்டார்கள். காய்ச்சலோடு, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, நாலு மணி நேரம் பேருந்தில். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு அக்கா வந்து உட்கார்ந்ததும் எழுந்து பின்படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். மூச்சிலேயே தொற்றுகிற நோய் இது. நுண்ணுயிரியல் நடத்தும் கல்லூரியில் ஒரு தனி அறை ஒதுக்க முடியாதா? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இன்றும் ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போது ஆய்வகத்தில் வேலை. எப்போதாவது தோல் மருத்துவர் கொப்புளத்தின் அடியைச் சுரண்டி அனுப்புவார். கீம்சா சாயமிட்டு நுண்ணோக்கியில் வைத்தால், ஒரே பெரிய செல்லுக்குள் எட்டு, பத்து உட்கருக்கள் மாதுளை முத்துகள்போல ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தெரியும். சவ்விலேயே தங்கிவிட்ட ஜிபி, ஜிஎச், ஜிஎல் புரதங்கள் பக்கத்துச் செல்களை இழுத்து ஒன்றாக்கியதன் விளைவு அது. (ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸிலும் இதே காட்சிதான், யாராவது திருத்த வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்.) ஆக, சவ்வுக்குப் போவதும் உண்மை, திரும்புவதும் உண்மை.

நம்பாதவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்ற அக்கித் தடுப்பூசியில் (அக்கியும் இதே வைரஸால் வருவதுதான்) இருக்கும் வைரஸ் புரதம் இந்த ஜிஇ மட்டும்தான், ஒரு ஊசிக்கு 50 மைக்ரோகிராம். வெள்ளெலியின் சூலகச் செல்களில் தயாரிக்கும்போது, சவ்வில் மாட்டும் பகுதியையும் வாலையும் நீக்கிவிட்டார்கள். அதனால் அது சவ்வில் தங்குவதும் இல்லை, திரும்புவதும் இல்லை. செல்லுக்கு வெளியே, செல்களை வளர்க்கும் திரவத்தில் கலந்துவிடுகிறது.

வைவாவில் வாலைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். கட்டுரையின் நகலை முதலிலேயே மேசைமேல் வைத்துவிடுங்கள்.