இரவில் மட்டும் பட்டையைக் கழற்றலாமா?

கேள்வி: வயிற்றில் தலை திரும்பாமலே இருந்து பிறந்த எங்கள் மகளுக்கு 7 வாரம் ஆகிறது. இடது இடுப்பு மூட்டு சரியாக அமையவில்லை என்று ஸ்கேனில் தெரிந்ததால், பாவ்லிக் ஹார்னஸ் என்ற பட்டையை 24 மணி நேரமும் போடச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு இரவுகளாக அழுதுகொண்டே இருக்கிறாள். தூங்கும்போதாவது கழற்றலாமா?

பதில்: கழற்ற வேண்டாம். உங்கள் மனம் படும் பாடு புரிகிறது. ஆனாலும் மருத்துவர் சொல்லாமல் ஓர் இரவுகூடக் கழற்றக் கூடாது என்று அழுத்திச் சொல்லவே வேண்டியிருக்கிறது.

தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பின் கிண்ணம் போன்ற குழிக்குள் நன்றாகப் பொருந்தியிருக்க வேண்டும். இந்த வயதில் மூட்டின் பெரும்பகுதி குருத்தெலும்புதான் (எக்ஸ்ரே எடுக்காமல் அல்ட்ராசவுண்ட் பார்ப்பதும் அதனால்தான்) என்பதால், உருண்டை குழியின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தால் அதைச் சுற்றிக் கிண்ணமும் ஆழமாக வளர்ந்துவிடும். தொடைகளை மேல்நோக்கி மடக்கிப் பக்கவாட்டில் விரித்து வைக்கும் பட்டை, அந்த வளர்ச்சிக்கு இடம் அமைத்துத் தருகிறது. செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் அர்னோல்ட் பாவ்லிக், கால்களை அசையவிடாமல் இறுக்கிய பழைய கருவிகளால் எலும்புத் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் கெட்டதைக் கண்டு, குழந்தை உதைத்து ஆடவும் இடம் தரும் இந்த வார்ப்பட்டையை 1940களில் உருவாக்கினார். 6 மாதத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படுவதில்லை. வழக்கமாக 6 முதல் 12 வாரங்கள் போட வேண்டியிருக்கும். அழுகை சில நாட்களில் அடங்கிவிடும்.

டயப்பரைப் பட்டைக்கு அடியில் போடுங்கள். மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துத் தூக்காமல், பிட்டத்துக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து உயர்த்துங்கள். மெல்லிய பருத்திச் சட்டையும் முழங்கால் வரை வரும் சாக்ஸும் தோலைக் காக்கும். முழங்காலுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும் உள்ள மடிப்புகளைத் தினமும் விரித்துப் பார்த்து, ஈரமிருந்தால் துடைத்துவிடுங்கள். வார்களில் மருத்துவர் பேனாவால் குறித்த இடத்தை நீங்களாகத் தளர்த்தவோ இறுக்கவோ கூடாது. கால்களை நீட்டித் துணியால் இறுகச் சுற்றும் பழக்கம் வீட்டில் இருந்தால் அதை அறவே விட்டுவிடுங்கள். அது சிகிச்சைக்கு நேர் எதிரானது.

ஒன்றை மட்டும் நாள்தோறும் கவனியுங்கள்: இரண்டு முழங்கால்களையும் அவள் நீட்டி உதைக்கிறாளா? தொடை அளவுக்கு மீறி மடங்கினால் தொடை நரம்பு அழுந்தி, அந்தக் காலில் உதை நின்றுவிடும். அப்படித் தெரிந்தால், அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். வார்களைச் சரிசெய்தோ பட்டையைச் சில நாட்கள் நிறுத்தியோ வைத்தால் பெரும்பாலும் நரம்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.