மாத்திரை ஒழுங்காகப் போட்டும் இன்சுலின் ஊசிக்கு மாறச் சொல்கிறார்கள். அம்மா எங்கே தவறு செய்தார்?

உங்கள் அம்மாதான் கெடுத்துக்கொண்டார் என்று வீட்டில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேள்வியை இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான்.

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் தோட்டத்துக்காரர்கள். அம்மா 26 வருடம் பால் மரம் வெட்டியவர். இனிப்புநீர், அதாவது நீரிழிவு, வந்து 14 வருடம். முதலில் மெட்ஃபார்மின் மாத்திரை, அப்புறம் கிளிக்ளசைடு மாத்திரையும் சேர்ந்தது. ஒரு வேளை தவறவிட்டதில்லை. போன வருடம், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 10.2-க்கு ஏறிவிட்டது. இன்சுலின் போட வேண்டும் என்றார் டாக்டர். "மைலோ குடிச்சே கெடுத்துக்கிட்டா" என்றார் அத்தை, அந்த இனிப்புப் பானத்தைச் சொல்லி. அன்றிரவு அம்மா சாப்பிடவே இல்லை.

நான் டாக்டர் இல்லை. அம்மாவுக்காகத் தேடிப் படித்ததைச் சொல்கிறேன். கணையத்தில் சின்னச் சின்னத் திட்டுகள் சுமார் பத்து லட்சம் இருக்கின்றன. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அவற்றில்தான் இருக்கின்றன. உடம்பு இன்சுலினுக்குச் சரியாக மசியாதபோது அவை பருத்து, கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டும். பல வருடம் ரத்தச் சர்க்கரை சரியாகவே காட்டும். ஒரு கட்டத்தில் தாங்காது. சர்க்கரை ஏறியபின் அந்தச் சர்க்கரையே செல்களை மேலும் கெடுக்கும். பிரிட்டனில் 1977-ல் தொடங்கிய யுகேபிடிஎஸ் என்ற நீரிழிவு ஆய்வில், நோய் தெரிந்த நாளிலேயே அந்தச் செல்களின் திறன் ஏறக்குறைய பாதி போயிருந்தது தெரியவந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கும் அதற்குப் பிறகு வருடா வருடம் குறைந்தது.

இதைச் சொன்னதும் அம்மா கேட்டார்: "அதிகமா வெட்டுன மரம் மாதிரியா?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரப்பர் மரத்தின் பட்டையில் மருந்து தடவினால் பால் கொட்டும். அதையே நம்பி ஓயாமல் வெட்டினால் பட்டை காய்ந்துவிடும், கத்தி வைத்தாலும் சொட்டு வராது. அம்மா வெட்டும் நிரையில் (வரிசையில்) அப்படி நாலு மரம் இருந்தது. மண்டோர் (மேற்பார்வையாளர்) அம்மாவைத்தான் திட்டினார், மருந்து தடவச் சொன்னவர்களை அல்ல. சில மரங்கள் ஓய்வு கொடுத்தால் மறுபடி பால் விடும் என்றும் அம்மா சொன்னார்.

செல்களிலும் அப்படி உண்டு. 2012-ல் எலிகளில் பார்த்தபோது பல பீட்டா செல்கள் சாகாமல், தங்கள் வேலையை மறந்த நிலையில் இருந்தன. 2017-ல் வெளியான டைரெக்ட் என்ற ஆய்வில், எடையை நன்றாகக் குறைக்கும் திட்டத்தில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நீரிழிவு அளவுக்குக் கீழே வந்தது. ஆனால் அவர்கள் நோய் வந்து 6 வருடத்துக்குள் இருந்தவர்கள். அதைக் காட்டி 14 வருடமான என் அம்மாவின் ஊசியைத் தள்ளிப்போட முடியாது. சாப்பாட்டுக் கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வராதீர்கள். கண்டிப்பாக வேண்டும். அதைச் செய்தவருக்கும் ஊசி வரலாம், அவ்வளவுதான்.

இன்னொரு ஆதங்கமும் இருக்கிறது. தோட்டத்தைத் துண்டு போட்டு வீடமைப்புக்கு விற்றபின் பஸ் உள்ளே வருவதில்லை. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க ஏழு மணிக்குக் கிளினிக்கில் நிற்க வேண்டும். வாடகைக் காருக்குப் போக வர 30 வெள்ளி. லயத்தில், அந்தப் பழைய தோட்டத்து வரிசை வீடுகளில், எஞ்சியிருக்கும் கிழவிகள் யாரைக் கேட்பார்கள்?

அம்மா இப்போது இன்சுலின் பேனா ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறார். கண் சரியாகத் தெரியாததால் பேனாவைத் திருகும்போது வரும் டிக் டிக் சத்தத்தை வாய்விட்டு எண்ணுவார், பத்து வரை. பால் கத்தி பிடித்துக் காய்த்துப்போன அதே கட்டைவிரலால் அழுத்தி, மறுபடி பத்து எண்ணிவிட்டுத்தான் ஊசியை எடுப்பார்.

உங்கள் அம்மா இன்சுலின் தொடங்கினால் ஒன்று கவனியுங்கள்: கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். என் அம்மா சுருக்குப்பையில் வெற்றிலைக்குப் பக்கத்திலேயே குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று வைத்திருக்கிறார்.