தெரார்து துலு: கடைசிச் சுற்று வரை காத்திருந்தவர்

கே: பார்சிலோனா ஒலிம்பிக்கில் எத்தியோப்பிய ஓட்டக்காரர் தெரார்து துலு வாங்கிய தங்கத்தை ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

ப: ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கப் பெண் அவர். 1992, 10,000 மீட்டர், வயது 20. பாதித் தூரம் தாண்டியதும் தென்னாப்பிரிக்காவின் எலானா மேயர் வேகமெடுத்தார். தெரார்து மட்டும்தான் ஒட்டிக்கொண்டே போனார். மேயரை முந்த அவசரப்படவில்லை. கடைசிச் சுற்று வந்ததும் பாய்ந்தார். 31 நிமிடம் 6.02 விநாடி, மேயர் 5 விநாடிக்கு மேல் பின்தங்கிவிட்டார். நிறவெறி ஆட்சியால் விலக்கப்பட்டிருந்த தென்னாப்பிரிக்கா 1960-க்குப் பிறகு ஒலிம்பிக்குக்குத் திரும்பியதே அந்த ஆண்டுதான். அந்த நாட்டு வெள்ளைக்காரப் பெண்ணும் எத்தியோப்பியக் கறுப்பினப் பெண்ணும் கைகோத்து மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். பதக்கத்தைவிட அதுதான் பலர் மனதில் நின்றது.

கே: அடுத்தவர் முதுகுக்குப் பின்னாலேயே ஓடி ஜெயிப்பது நியாயமா?

ப: இதில் அநியாயம் என்ன இருக்கிறது? கடைசி 400 மீட்டரில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று தெரிந்தவர் பலத்தை முன்கூட்டியே ஏன் செலவழிக்க வேண்டும்? வேண்டுமானால் சிட்னி 2000 பந்தயத்தைப் பாருங்கள். 24 சுற்று ஓடிய கால்கள் 25-ஆவது சுற்றைச் சுமார் 60 விநாடியில் முடித்தன! 30:17.49, அன்றைய ஒலிம்பிக் சாதனை.

கே: குழந்தை பிறந்த பிறகு ஓட வந்தாராமே?

ப: ஆமாம். 1998-இல் மகள் பிறந்தாள். சிட்னித் தங்கம் அதற்கு அப்புறம்தான். 2001-இல் எட்மன்டனில் உலக சாம்பியன், 2004-இல் ஏதென்ஸில் வெண்கலம்.

கே: சொந்த ஊர்?

ப: அர்சி பகுதியில் பெகோஜி. ஓட்டத்தில் பேர்பெற்ற கெனெனிசா பெகெலேவும் திபாபா சகோதரிகளும் அதே ஊர்தான். திபாபா சகோதரிகள் தெரார்துவுக்கு உறவு. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,800 மீட்டர் உயரம். அந்த மெல்லிய காற்றில் பழகியது ஓட்டத்துக்கு உதவும், சரி. ஆனால் மேட்டு நில ஊர் எல்லாம் சாம்பியனைத் தருவதில்லையே! அங்கே செந்தயேஹு எஷேது என்றொரு பள்ளி ஆசிரியர் பிள்ளைகளைப் பயிற்றுவித்தார், முன்னால் ஓடிக் காட்டிய அக்காக்களும் இருந்தார்கள்.

கே: 'துலு' என்று மட்டும் எழுதலாமா?

ப: அது அப்பா பெயர், நம் இனிஷியல் மாதிரி. எத்தியோப்பியர்கள் தெரார்து என்றுதான் சொல்வார்கள்.

கே: நியூயார்க் மாரத்தானில் எதிராளியைக் கூப்பிட்ட கதை உண்மையா?

ப: உண்மை. 2009, வயது 37. பிரிட்டன் ஓட்டக்காரர் பவுலா ராட்கிளிஃப் கால் வலியால் பின்தங்க, தெரார்து திரும்பிப் பார்த்து 'வா, வா' என்று ஊக்கப்படுத்தினார். ராட்கிளிஃபால் முடியவில்லை, நான்காவதாக வந்தார். தெரார்து 2:28:52-இல் வென்றார்; அங்கே வென்ற முதல் எத்தியோப்பியப் பெண்ணும் அவரே.

கே: ஓட்டத்தை விட்ட பிறகு?

ப: 2018-இல் முன்னாள் ஓட்ட வீரர் ஹைலே கெப்ரசிலாசி பதவி விலகியதும் எத்தியோப்பியத் தடகளக் கூட்டமைப்பின் தலைமைப் பொறுப்பு இவரிடம் வந்தது.