நன்றாகக் கேட்கிறவளுக்கு என்ன படிப்பு?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் ஈசூனில் இருக்கிறேன். ‘ஏ’ லெவல் முடிவுகள் வந்துவிட்டன. சுமாருக்கு மேல், பிரமாதம் என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. பிறருக்கு உதவுகிற வேலைக்குப் போக வேண்டும் என்பது மட்டும் உறுதி. தோழிகள் தங்கள் பிரச்சினைகளை என்னிடம்தான் கொட்டுவார்கள். “நீ நல்லாக் கேக்குற, கவுன்சலர் ஆயிடு” என்பார்கள். அதற்காக உளவியல் படிக்கலாம் என்று நினைத்தேன். அம்மா, “தாதிமை படி, வேலை நிச்சயம்” என்கிறார். சமூகப் பணி என்றால் அப்பா சிரிக்கிறார்: “அதுக்கு எதுக்குப் படிப்பு? கோயில்ல தொண்டூழியம் செஞ்சாப் போதாதா?” எதை முதல் தேர்வாகப் போடுவது? எனக்குத் தமிழ் நன்றாக வரும். அது பயன்படுமா?

- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தாதிமை, உளவியல், ஆலோசனை, சமூகப் பணி நான்கையும் ஒரே கூடையில் போட்டு எழுதியிருக்கிறீர்கள். நான்கிலும் மனிதர்களுக்கு உதவத்தான் செய்கிறோம். ஆனால் “இனி நீ இந்த வேலையைச் செய்யலாம்” என்று ஒருவரை உள்ளே விடுகிற கதவு ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கிறது. எது பிடிக்கும் என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் கதவு எங்கே என்று பாருங்கள்.

தாதிமைக்குக் கதவு வாசலிலேயே இருக்கிறது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 3 ஆண்டுப் பட்டம், விரும்பினால் ஹானர்ஸ் என்ற சிறப்பு நிலைக்கு இன்னோர் ஆண்டு. முடித்ததும் சிங்கப்பூர்த் தாதியர் வாரியத்தில் பதிவு, அடுத்தது வேலை. அம்மா சொல்வதில் பிழை இல்லை. 2024இல் அறிவித்த ஏஞ்சல் திட்டத்தில், பொதுச் சுகாதாரத் துறையில் நிலைத்திருக்கும் தாதியருக்கு 20 ஆண்டு காலத்தில் 100,000 வெள்ளி வரை கிடைக்கும். அவ்வளவு கொடுத்து இருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதையும் அதே செய்தியிலிருந்து புரிந்துகொள்ளலாம். இரவுப் பணி, ரத்தம், மலம், கோபத்தில் கத்தும் உறவினர் எல்லாம் பயிற்சிக் காலத்திலேயே வரும். உடலைத் தொட்டுச் செய்யும் வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பதை அம்மாவால் சொல்ல முடியாது.

உளவியல் இதற்கு நேர் எதிர். முன்வாசல் அகலமானது, உண்மையான கதவு கொல்லைப்புறத்தில். இளநிலைப் பட்டம் பெற்றவர் உளவியல் படித்தவர்தான், உளவியலாளர் அல்லர். மருத்துவ உளவியலாளராக முதுநிலைப் பட்டம் வேண்டும். அதற்கு நல்ல ஹானர்ஸ் தரம் வேண்டும், பெரும்பாலும் இடையில் ஓரிரண்டு ஆண்டு வேலை அனுபவமும் எதிர்பார்ப்பார்கள். உள்ளே போன பிறகு மேற்பார்வையில் ஏறத்தாழ 1,000 மணி நேரப் பயிற்சி. இடங்கள் குறைவு. ஆக 19 வயதில் தொடங்கினால் கையில் வேலைப்பெயர் வர 26, 27 ஆகிவிடும். முதலிரண்டு ஆண்டுகளில் புள்ளியியலும் ஆய்வு முறையும் வாட்டி எடுக்கும். மனிதர்களோடு பேசத்தானே வந்தோம் என்று பலர் சோர்வது அங்கேதான். கணக்கும் ஆய்வும் பிடித்தவர்களுக்கு இது அருமையான படிப்பு. தோழிகள் சொன்னார்கள் என்பதற்காக மட்டும் எடுக்கிற படிப்பு இல்லை.

ஆலோசனைத் துறையில் நிலைப்படி இருக்கிறது, கதவு இல்லை. ‘ஆலோசகர்’ என்ற பெயரை யார் வைத்துக்கொள்ளலாம் என்று இங்கே சட்டம் சொல்வதில்லை. சிங்கப்பூர் ஆலோசனைச் சங்கம் நடத்தும் பதிவேடு தொழில்சார்ந்தது, விருப்பத்தின் பேரில் சேர்வது. நல்ல வேலையிடங்கள் அந்தப் பதிவையோ முதுநிலைப் பட்டத்தையோ கேட்கும். இடைவெளியைப் பயன்படுத்தி, சில வார இறுதிகளில் ‘சான்றிதழ்’ தரும் வகுப்புகளும் உண்டு. அப்படி எதற்காவது பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: சங்கம் இந்தப் படிப்பை ஏற்கிறதா? பயிற்சிக்கு உண்மையான ஆட்களைத் தேடித்தருவது பள்ளியா, நீங்களா? இரண்டாவது கேள்வியில்தான் பலர் கவிழ்கிறார்கள். வகுப்பெல்லாம் முடிந்திருக்கும். மேற்பார்வையில் செய்ய வேண்டிய மணி நேரத்துக்கு இடம் கொடுக்க எந்த நிலையமும் கிடைக்காமல் படிப்பு தொங்கும்.

நன்றாகக் கேட்பது பற்றி ஒரு வார்த்தை. தோழி அழுதால் கூடவே அழலாம், இரவு இரண்டு மணிக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம், மறுநாள் அவளோடு சண்டையும் போடலாம். வேலையில் கேட்பது வேறு. 50 நிமிடம் கேட்ட பிறகு அன்று மாலைக்குள் குறிப்பெழுத வேண்டும்: என்ன சொன்னார், என்ன ஆபத்து தெரிந்தது, அடுத்து என்ன செய்வது. அந்தக் குறிப்பை மேற்பார்வையாளர் படிப்பார். ஒருநாள் நீதிமன்றமும் கேட்கலாம். கேட்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. உங்கள் கடிதம் தெளிவாக இருந்தது என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

இனி சமூகப் பணி. முதலில் அப்பாவுக்குப் பதில். சிங்கப்பூரில் இதற்குப் பல்கலைக்கழகப் படிப்பு 1952இலேயே தொடங்கிவிட்டது. 1954இல் அந்தப் பட்டயம் பெற்ற ஒருவர், மறு ஆண்டு பொது மருத்துவமனையில் நோயாளிகளின் குடும்ப நிலையைப் பார்க்கும் வேலையில் சேர்ந்தார். அந்த வேலைக்கு அப்போது ‘அல்மோனர்’ என்று பெயர். அவர் பெயர் எஸ். ஆர். நாதன். 1999 முதல் 2011 வரை அதிபராக இருந்தவர். சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி கற்பிக்கும் பள்ளிக்கு இன்று அவர் பெயர்தான்.

தொண்டூழியர் தன்னால் முடிந்த நாளில் வருவார். சமூக ஊழியர் ஒரு குடும்பத்தின் கோப்புக்குப் பொறுப்பாளர். குடும்ப சேவை நிலையத்தில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு தாய் வந்து பண உதவி கேட்பார். காம்கேர் என்ற அரசாங்க உதவிப் பணத்தை முடிவு செய்வது சமூகச் சேவை அலுவலகம், நீங்கள் அல்ல. “இங்கே போனா அங்கே போகச் சொல்றீங்க” என்று அவர் கோபப்படுவது நியாயம்தான். சம்பளச் சீட்டு, மத்திய சேம நிதி அறிக்கை, வங்கிக் கணக்கு, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நிலுவைக் கடிதம் என்று அவரோடு உட்கார்ந்து சேர்ப்பீர்கள். பேச்சுவாக்கில், மகன் பத்து நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை என்பது வெளிவரும். அதுதான் உங்கள் வேலை தொடங்கும் இடம். மாலை 7 மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போவீர்கள், அப்போதுதான் பையனின் அப்பா வேலை முடிந்து வருவார். மருத்துவமனையில் என்றால் வேறு கதை: கட்டிலில் பக்கவாதம் வந்த தாத்தா, வெளியே பராமரிப்புச் செலவை யார் கட்டுவது என்று மூன்று பிள்ளைகள், இந்த வாரத்துக்குள் கட்டில் காலியாக வேண்டும் என்று வார்டு.

இங்கே கதவு நடுவில் இருக்கிறது. தேசியப் பல்கலைக்கழகத்தில் களப்பயிற்சி 400 மணி நேரமாக இரண்டு முறை. உங்களுக்கு இது ஒத்துவருமா என்று அந்த முதல் 400 மணி நேரம் ஓரளவு சொல்லிவிடும். பட்டத்துக்குப் பிறகு, மேற்பார்வையுடன் அனுபவம் பெற்றுப் பதிவுபெற்ற சமூக ஊழியர் ஆகலாம். இதுவும் சட்டக் கட்டாயம் இல்லை, ஆனால் துறையில் மதிப்பு உண்டு. தேசியப் பல்கலைக்கழகத்தின் மானுடவியல், அறிவியல் கல்லூரியில் சேர்ந்தால் முதல் நாளே துறையை முடிவு செய்ய வேண்டியதில்லை. முதலாண்டில் சமூகப் பணி, உளவியல் இரண்டின் அறிமுகப் பாடங்களையும் எடுத்துப் பார்க்கலாம். உளவியல் முடித்துவிட்டு மனம் மாறினாலும் வழி உண்டு: சமூக அறிவியல் பல்கலைக்கழகம் வேறு பட்டதாரிகளுக்குச் சமூகப் பணியில் மேற்பட்டயம் நடத்துகிறது. சமூகப் பணியிலிருந்து மருத்துவ உளவியலுக்குப் போவது அத்தனை எளிதில்லை, உளவியல் பாடங்களை மறுபடி படிக்க வேண்டிவரும்.

நீங்கள் குறிப்பிடாத ஒன்று, ஆக்குபேஷனல் தெரபி. பக்கவாதம் வந்தவருக்குச் சட்டைப் பொத்தான் போட மறுபடி பழக்குபவர், குளியலறைக் கைப்பிடி எந்த உயரத்தில் வேண்டும் என்று வீட்டுக்குப் போய் அளப்பவர். சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் 4 ஆண்டுப் படிப்பு, சட்டப்படியான பதிவு. தாதிமையின் உறுதியும் சமூகப் பணியின் வீட்டு நெருக்கமும் ஒரே வேலையில் இருப்பதால் அம்மாவுக்கும் உங்களுக்கும் நடுவே இது நிற்கக்கூடும். உளவியலை முதல் தேர்வாகப் போடுமுன் இதை ஒருமுறை பாருங்கள்.

தமிழ் பயன்படுமா? நிறைய. ஆனால் படிப்பு முழுதும் ஆங்கிலத்தில் என்பதால் வேலைக்கு வேண்டிய தமிழை நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ரகசியம் காப்பதன் எல்லையை முதல் சந்திப்பிலேயே சொல்லியாக வேண்டும். தமிழ் நன்றாக வருகிறவர்களும் அங்கே தடுமாறி ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள். இப்படிச் சொல்லலாம்: “நீங்க சொல்றது வெளிய போகாது. ஆனா உங்க உயிருக்கோ வேற யாரோட உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா நான் சொல்லியே ஆகணும். அப்ப உங்ககிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் செய்வேன்.” கடைசி வாக்கியத்தை எல்லா நேரத்திலும் காப்பாற்ற முடியாது, சொன்னாலே ஒரு குழந்தைக்கு ஆபத்து கூடும் என்றால் சொல்லக்கூடாது. அதனால் “முடிஞ்சா” என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

உறவுமுறை இன்னொரு சிக்கல். வருகிறவர் உங்களைத் ‘தங்கச்சி’ என்பார், நீங்கள் ‘அண்ணே’ என்பீர்கள். பேச்சு இளகும், நல்லதுதான். தங்கச்சியிடம் சொந்தக் கைப்பேசி எண் கேட்பதும் அந்தச் சொல்லிலிருந்தே வரும். அலுவலக எண்ணை மட்டும் கொடுங்கள். நம் சமூகம் சின்னது. கோப்பைத் திறந்தால் சித்தியின் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி வேறு ஊழியருக்கு மாற்றிவிட வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊழியர் மருத்துவமனைக்கு வந்தால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். அப்போது தமிழ் மட்டும் போதாது. மருத்துவக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு உதவும் மெடிஃபண்ட் நிதி குடிமக்களுக்கு மட்டும் என்பதும், முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி 2023 ஜூலையிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளராக நிற்பீர்கள். தமிழ் தெரிந்த ஊழியர்கள் பலருக்கு நேரும் தேய்மானம் அதுதான்: தன் கோப்புகளோடு எல்லாருடைய தமிழ்க் கோப்புகளுக்கும் குரல் கொடுப்பது. கொடுங்கள், ஆனால் அந்த நேரத்தைக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள்.

உபகாரச் சம்பளத்துக்கு அவசரப்படாதீர்கள். பெரும்பாலானவற்றில் பணி ஒப்பந்தம் உண்டு, முறித்தால் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். படிப்பின் நடுவில் விண்ணப்பிக்கக்கூடியவையும் இருக்கின்றன. வீட்டில் பணநெருக்கடி இல்லையென்றால் முதல் களப்பயிற்சி முடியும்வரை பொறுங்கள்.

உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொன்னால், வரிசை இப்படி: தேசியப் பல்கலைக்கழகத்தின் மானுடவியல், அறிவியல் கல்லூரி, சமூகப் பணியை மனதில் வைத்து. அடுத்து சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் அதே படிப்பு. தொழில்நுட்பக் கழகத்துக்குத் தனி விண்ணப்பம், அங்கே ஆக்குபேஷனல் தெரபி. ஆகஸ்ட்டில் வகுப்பு தொடங்கும்வரை ஐந்து மாதம் இருக்கிறது. ஒரே முதியோர் நிலையத்துக்கோ துணைப்பாட வகுப்புக்கோ வாரம் ஒருமுறை போங்கள். முதல் நாள் எல்லாருக்கும் நெகிழ்ச்சியாக இருக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஆறாவது வாரம் அதே தாத்தா அதே கதையை நான்காம் முறை சொல்லி, நடுவில் உங்களைத் திட்டவும் செய்வார். ஏழாவது வாரம் போனீர்களா என்று எனக்கு எழுதுங்கள்.