பேஸ்பாலில் தடுமாறும் இளம் பேட்டரை மைனர் லீக்குக்கு அனுப்பலாமா?

"இருபது வயதுப் பையன், மேஜர் லீக்கில் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீக்) அடிக்க முடியாமல் திணறுகிறான். கீழே மைனர் லீக் அணிக்கு அனுப்பினால் மனம் உடைந்துபோக மாட்டானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உடையலாம்தான். ஆனாலும் சில பையன்களை அனுப்பத்தான் வேண்டும். பேட்டிங் சராசரியை (வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஹிட், அதாவது பந்தை அடித்துப் பத்திரமாக பேஸை எட்டியது, என்ற கணக்கு) மட்டும் வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். கீழே அவன் கற்றுக்கொள்ள ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள்.

1951இல் நியூயார்க்கில் அனுப்பாததும் நடந்தது, அனுப்பியதும் நடந்தது. ஜயன்ட்ஸ் அணிக்கு வந்த வில்லி மேஸுக்கு 20 வயது. முதல் 26 வாய்ப்புகளில் ஒரே ஒரு ஹிட். உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதார். மேலாளர் லியோ டுரோச்சர் அவரை அனுப்பவில்லை. நான் மேலாளராக இருக்கும்வரை சென்டர் ஃபீல்டு (மைதானத்தின் நடு வெளிப்பகுதியில் ஃபீல்டிங் செய்யும் இடம்) உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அதற்கு முன் மினியாபொலிஸ் மைனர் அணியில் மேஸின் சராசரி .477, அதாவது கிட்டத்தட்ட இரண்டில் ஒரு வாய்ப்பு ஹிட். அங்கே திருப்பி அனுப்பி எதைக் கற்றுக்கொடுப்பது? அந்த ஆண்டின் சிறந்த புதுமுக விருது அவருக்கே கிடைத்தது.

அதே கோடையில் யாங்கீஸ் அணி 19 வயது மிக்கி மேன்டிலைக் கன்சாஸ் சிட்டி மைனர் அணிக்கு அனுப்பியது. ஸ்ட்ரைக் அவுட்கள் (மூன்று ஸ்ட்ரைக் ஆகி அவுட் ஆவது) அவ்வளவு அதிகம். அங்கேயும் முதலில் அடிக்க வரவில்லை. என்னால் முடியாது என்று அப்பாவுக்குப் போன் செய்தார். ஒக்லஹோமாவில் சுரங்கத் தொழிலாளியான அப்பா காரை எடுத்துக்கொண்டு வந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மகனின் துணிகளை எடுத்துப் பெட்டியில் திணித்து, வா, என்னோடு சுரங்கத்துக்கே வேலைக்கு வந்துவிடு என்றார். மேன்டில் போகவில்லை. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இப்போதைய உதாரணம் ஜாக்சன் ஹாலிடே. 2024 ஏப்ரலில் ஓரியோல்ஸ் அணிக்காக 10 ஆட்டங்கள், 34 அடிக்கும் வாய்ப்பில் 2 ஹிட், 18 ஸ்ட்ரைக் அவுட். பந்து மட்டையிலேயே படவில்லை என்றால் அது துரதிர்ஷ்டம் இல்லை. ஸ்விங்கில் வேலை பாக்கி இருக்கிறது. நார்ஃபோக் மைனர் அணிக்கு அனுப்பினார்கள், சரியான முடிவு. ஜூலை 31 அன்று திரும்பி வந்தவர் தன் முதல் மேஜர் லீக் ஹோம் ரனையே கிராண்ட் ஸ்லாமாக (மூன்று பேஸிலும் ஆள் இருக்கையில் அடிக்கும், நாலு ரன் தரும் ஹோம் ரன்) அடித்தார்.

ஆகவே, பலமாக அடித்தும் பந்து நேராக ஃபீல்டர் கைக்கே போகிறது என்றால் பொறுத்திருங்கள். கண்ட பந்துக்கெல்லாம் மட்டையை வீசுகிறான் என்றால் அனுப்புங்கள். அனுப்பவும் மனமில்லாமல் பெஞ்சில் உட்கார வைப்பதுதான் பெரிய கொடுமை. அந்த வயதில் தினமும் நாலு முறை பந்தைச் சந்தித்தாக வேண்டும், அது மைனர் லீக்கின் உச்சப் பிரிவான ட்ரிபிள்-ஏவில் கிடைக்கும். அப்புறம், எதைச் சரிசெய்துகொண்டு வர வேண்டும் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லி அனுப்புங்கள்.

மேன்டில் கன்சாஸ் சிட்டியில் 40 ஆட்டங்களில் .361 அடித்தார், 11 ஹோம் ரன். ஆகஸ்டிலேயே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். போகும்போது முதுகில் இருந்த எண் 6. வந்ததும் கொடுத்தது 7.