நைட்ரஜன் சுழற்சி என்றால் என்ன? மனிதர் அதை எப்படி மாற்றினர்?

காற்றிலுள்ள நைட்ரஜன் மண்ணுக்கும் பயிருக்கும் உயிர்களுக்கும் சென்று, மட்கியபின் நுண்ணுயிரிகளால் மீண்டும் காற்றுக்கே திரும்புவதுதான் நைட்ரஜன் சுழற்சி. காற்றில் 78 விழுக்காடு அதுவே என்றாலும், அதன் இரு அணுக்களும் மும்மடிப் பிணைப்பால் இறுகியிருப்பதால், சாவி தொலைந்த செட்டிநாட்டுப் பெட்டகத்துப் பணம்போல, பயிருக்கு நேரடியாக உதவாது. மின்னலும், உளுந்து, கடலை வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்களும் திறந்துவந்த அப்பூட்டை, 1913இல் ஜெர்மனியில் காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் ஆலை தொடங்கியபின் மனிதரும் பெருமளவில் திறக்கலாயினர். இன்று பலருக்குச் சோறு கிடைப்பதே அந்த அம்மோனியாவிலிருந்து செய்யும் யூரியா உரத்தால்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் பயிர் எடுத்ததுபோக எஞ்சியது மழைநீரோடு கண்மாயிலும் ஊருணியிலும் சேர்ந்தால் பாசி மண்டி, அது அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கும். தொழு உரம் இட்டால் இச்சிக்கல் வராது எனப் பலர் எண்ணுகின்றனர்; அளவு மிஞ்சினால் அதிலிருந்தும் நைட்ரேட் எனும் நீரில் கரையும் நைட்ரஜன் உப்பு கசியும்.